தடுத்த வரியும் விட்ட வரியும்

2001 ஜனவரியில் லினக்ஸ் 2.4 கெர்னல் வெளிவந்தபோது அதனுடன் நெட்ஃபில்டரும், அதை இயக்கும் ஐபிடேபிள்ஸ் என்ற கட்டளையும் வந்தன. அலுவலகத்தில் ஓரங்கட்டிய ஒரு பென்டியம் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, ஒன்றில் வெளி இணைப்பையும் மற்றொன்றில் உள் நெட்வொர்க்கையும் மாட்டினால் ஃபயர்வால் தயார். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலும் சிறு மென்பொருள் நிறுவனங்களிலும் பலருக்கு நெட்வொர்க் பாதுகாப்பு அறிமுகமானது இப்படித்தான். வெளியே போவது 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன். அந்தக் கணினியின் திரையில் லாக் கோப்பின் வால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வரி வரும், சற்று நிற்கும், அடுத்த வரி வரும். கண்ணால் படிக்கக்கூடிய வேகம் அது.

இன்று ஒரு நடுத்தர அலுவலகத்தின் ஃபயர்வால் லாக்கைத் திரையில் ஓடவிட்டால் எழுத்தே தெரியாது, வெறும் வெள்ளைப் பட்டைதான் தெரியும். ஆனால் வேகத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்திருக்கிறது. அன்று நாங்கள் படித்ததெல்லாம் தடுத்த வரிகளை. இன்று படிக்க வேண்டியவை பெரும்பாலும் அனுமதித்த வரிகள். இந்த இடமாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் விலை உயர்ந்த கருவிகளை வாங்கி அடுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

முதலில் அந்தப் பழைய வரியைப் பிரித்துப் பார்ப்போம். தொடக்கத்தில் மாதம், தேதி, மணி. ஆண்டு இருக்காது. 1980களில் எரிக் ஆல்மன் செண்ட்மெயில் மின்னஞ்சல் நிரலுக்காக உருவாக்கிய சிஸ்லாக் முறையில் ஆண்டும் நேர மண்டலமும் எழுதும் வழக்கம் இல்லை. அந்த முறையே யூனிக்ஸ் உலகம் முழுவதும் பரவி, ஃபயர்வால்களுக்கும் வந்து சேர்ந்தது. ஓலைச்சுவடியில் புள்ளியில்லாமல் எழுதியதை, படிப்பவர் தாமே புள்ளி வைத்துப் படித்துக்கொண்டதைப் போல, இந்த வரியிலும் விட்டுப்போனதை நிரப்பிக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. டிசம்பர் கடைசி நாளின் லாக்கையும் ஜனவரி முதல் நாளின் லாக்கையும் ஒரே கோப்பில் வைத்து வரிசைப்படுத்தினால் ஜனவரி முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேதிக்குப் பின்னால் இயந்திரத்தின் பெயர். அதையடுத்து, பாக்கெட் எந்தக் கார்டு வழியாக உள்ளே வந்தது, எந்தக் கார்டு வழியாக வெளியே போக இருந்தது என்று இரண்டு இடங்கள். இரண்டாவது காலியாக இருந்தால் பாக்கெட் ஃபயர்வாலுக்கே வந்திருக்கிறது. இரண்டும் நிரம்பியிருந்தால் ஃபயர்வாலைத் தாண்டி வேறொரு கணினிக்குப் போக முயன்றிருக்கிறது. முதலாவது காலி என்றால் ஃபயர்வாலே அனுப்பியது. பிறகு மேக் என்ற தலைப்பில் 14 பைட்டுகள். மேக் முகவரி 6 பைட்டுதானே என்று புதியவர்கள் திகைப்பார்கள். அது மூன்று துண்டுகள் ஒட்டிக்கொண்டது: பெறும் கார்டு 6, அனுப்பிய கார்டு 6, உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும் குறி 2. அனுப்பிய கார்டு என்பது பெரும்பாலும் இணையச் சேவை நிறுவனத்தின் ரூட்டர்தான். தொலைவில் இருக்கும் ஆளின் கார்டு இங்கே ஒருபோதும் தெரியாது. அதைத் தாக்குதல்காரரின் முகவரி என்று எடுத்துக்கொண்டு புகார் எழுதியவர்கள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது டிடிஎல் என்ற எண். லினக்ஸ் பொதுவாக 64 என்று தொடங்கும், விண்டோஸ் 128, பல ரூட்டர்கள் 255. வழியில் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். வரியில் 51 என்று இருந்தால் 64-இல் தொடங்கி 13 ரூட்டர் தாண்டி வந்திருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்த கட்டடத்து முகவரியைச் சொல்லிக்கொண்டு வரும் பாக்கெட்டில் இப்படி 51 இருந்தால், முகவரி பொய் என்ற சந்தேகம் அங்கேயே எழும். வரியை எழுதிய கெர்னலுக்கு இந்தச் சந்தேகம் தெரியாது. அது எண்ணைப் பதிந்துவிட்டுப் போகும். சந்தேகப்படுவது படிப்பவரின் வேலை.

இந்தப் பழக்கம் ஐபிடேபிள்ஸுக்கு முன்பே பிறந்தது. 1986-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் 75 சென்ட் கணக்கு உதைப்பதைத் துரத்திக்கொண்டு போய், வெளியிலிருந்து வந்த இணைப்புகளை அச்சு இயந்திரங்களில் வரி வரியாக அச்சிட்டு, கடைசியில் ஜெர்மனியில் இருந்த ஓர் ஊடுருவியைக் கண்டுபிடித்தார். 1991 ஜனவரியில் பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக், தன் நுழைவாயிலின் லாக்கில் யாரோ செண்ட்மெயிலின் பழைய ஓட்டை வழியாகக் கடவுச்சொல் கோப்பைக் கேட்பதைப் பார்த்தார். உடனே விரட்டாமல், போலிக் கோப்பைக் கொடுத்து, அந்த ஆள் என்ன செய்கிறான் என்று மாதக்கணக்கில் கவனித்தார். அவருடைய சக ஆய்வாளர் ஸ்டீவன் பெல்லோவின் அடுத்த ஆண்டே, அந்த வாயிலைத் தட்டியவர்களின் பட்டியலை அலசி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தட்டலும் தற்செயல் அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான், அவன் எதையோ தேடுகிறான் என்று நம்பிப் படித்த காலம் அது. அன்று அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

அந்த நம்பிக்கை முதலில் ஆட்டம் கண்டது வீடுகளில். 2000-ஐ ஒட்டி சோன்அலாரம், பிளாக்ஐஸ் போன்ற மென்பொருள்கள் வீட்டுக் கணினிகளுக்கு வந்தன. ஒவ்வொரு பாக்கெட்டைத் தடுக்கும்போதும் திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்து, உங்களைத் தாக்குகிறார்கள் என்கிற தொனியில் பேசியது. மக்கள் பயந்துபோய் இணைய நிறுவனங்களுக்குப் புகார் மேல் புகார் அனுப்பினார்கள். பிளாக்ஐஸை உருவாக்கிய ராபர்ட் கிரஹாமே, உங்கள் லாக்கில் நீங்கள் பார்ப்பது என்ன என்று போர்ட் எண் வாரியாக விளக்கி ஒரு நீண்ட வழிகாட்டி எழுத வேண்டியதாயிற்று. பயமுறுத்திய வரிகளில் பெரும்பங்கு நிரபராதிகள். அவர்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பாடம் இன்றும் செல்லும்.

மின்னஞ்சல் அனுப்பினீர்கள். உடனே அந்த மின்னஞ்சல் சர்வர் உங்கள் கணினியின் 113-ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. லாக்கில் அது தாக்குதல் மாதிரியே தெரியும். உண்மையில் அது ஐடென்ட் என்ற பழைய மரியாதை: இந்த இணைப்பை உங்கள் பக்கத்தில் யார் தொடங்கினார்கள் என்று கேட்கிறது. அதைச் சத்தமில்லாமல் தடுத்தால் சர்வர் பதிலுக்காகக் காத்திருக்கும், உங்கள் அஞ்சல் அரை நிமிடம் தாமதமாகும். வெளிப்படையாக மறுத்துவிட்டால் உடனே நகர்ந்துவிடும். ஓசையின்றி விழுங்குவதற்கும் மறுத்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் இந்த 113-இல்தான் புரிந்துகொண்டேன்.

இன்னொன்று: 53-ஆம் போர்ட்டிலிருந்து உங்கள் பெரிய எண் போர்ட் ஒன்றுக்கு வரும் யுடிபி பாக்கெட். பெயரைக் கேட்டு நீங்கள் அனுப்பிய டிஎன்எஸ் கேள்விக்குத் தாமதமாக வந்த பதில் அது. கேட்டதையே ஃபயர்வால் மறந்துவிட்டது, அதனால் பதிலை அந்நியனாகப் பார்க்கிறது. ஓர் இணையதளத்தின் 80-ஆம் போர்ட்டிலிருந்து வரும் ஃபின், ரீசெட் பாக்கெட்டுகளும் இந்த ரகம்தான். உரையாடல் முடிந்த பின் கதவைச் சாத்த வந்தவை. 33434-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும் யுடிபி போர்ட்டுகள் என்றால், யாரோ யூனிக்ஸ் கணினியிலிருந்து ட்ரேஸ்ரூட் போட்டுப் பாதையை அளக்கிறார்.

இவற்றையெல்லாம் பிரித்தறிய ஒரே வழி, சேரும் போர்ட்டைப் பார்க்கும் முன் புறப்பட்ட போர்ட்டைப் பார்ப்பது. பிறகு கொடிகளைப் பார்ப்பது. சின் மட்டும் இருந்தால் அவர்கள் தொடங்குகிறார்கள். சின்னோடு ஏசிகே சேர்ந்திருந்தால் அது பதில். நீங்கள் கேட்காத கேள்விக்கு யாரோ ஒரு சர்வர் தொடர்ந்து சின்-ஏசிகே அனுப்புகிறது என்றால், உங்கள் முகவரியைப் பொய்யாகப் போட்டு வேறொருவர் அந்த சர்வரைத் தாக்கிக்கொண்டிருக்கிறார். தாக்குபவர் என்று நீங்கள் நினைத்தது பலியானவர். 2001-இல் டேவிட் மூர், ஜெஃப்ரி வோல்கர், ஸ்டெஃபான் சாவேஜ் மூவரும் இப்படித் தெறித்து வரும் பதில்களை மட்டும் எண்ணி, இணையம் முழுவதும் நடக்கும் சேவை மறுப்புத் தாக்குதல்களை அளந்து காட்டினார்கள். தனியாக எந்தப் பொருளும் தராத வரி, பெருவாரியாகச் சேர்த்து வைத்தால் செய்தியாகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அந்தச் சேர்த்துவைக்கும் வேலையை 2000 இறுதியில் யோஹானஸ் உல்ரிச் தொடங்கிய டிஷீல்டு எல்லோருக்கும் திறந்துவிட்டது. உங்கள் ஃபயர்வால் தடுத்த வரிகளை அனுப்பி வைக்கலாம். உலகெங்கும் எந்த போர்ட் இன்று அதிகம் தட்டப்படுகிறது என்று பார்க்கலாம். 2001 மார்ச்சில் 53-ஆம் போர்ட்டின் கணக்கு திடீரென்று எகிறியதை வைத்துத்தான் லயன் என்ற லினக்ஸ் புழு அடையாளம் காணப்பட்டது. தடுத்த வரிகளின் பொற்காலம் அதுதான் என்பேன்.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. மறுநாள் குடியரசு தினம். இந்திய நேரம் காலை 11 மணியளவில் லாக் கோப்புகளில் ஒரே மாதிரி வரிகள் கொட்டத் தொடங்கின: யுடிபி, சேரும் போர்ட் 1434, நீளம் 404. எங்கிருந்து வந்தாலும் அதே 404. எஸ்க்யூஎல் ஸ்லாமர். புழுவின் உடலே 376 பைட்டுதான், யுடிபிக்கும் ஐபிக்கும் ஆன தலைப்புகள் 28 சேர்ந்து 404. ஒரே பாக்கெட்டுக்குள் முழுப் புழுவும் அடங்கிவிட்டதால் இணைப்பு ஏற்படுத்தக்கூடத் தேவையில்லை. தொற்றக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டது, எண்ணிக்கை 75,000-ஐத் தாண்டியது. தென் கொரியாவின் இணையமே முடங்கியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது என்பது தனிச் சோகம். லாக் படித்தவருக்கு அன்று பெயர் தெரிய வேண்டியிருக்கவில்லை. போர்ட்டும் நீளமும் மாறாமல் வருவதைப் பார்த்ததுமே இது ஆள் இல்லை, ஏதோ ஒன்று தானாகப் பெருகுகிறது என்று தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 135-இல் பிளாஸ்டர். 2008 இறுதியில் 445-இல் கான்ஃபிக்கர். ஒவ்வொரு புழுவையும் நாங்கள் போர்ட் எண்ணால்தான் நினைவில் வைத்திருக்கிறோம்.

பிறகு தடுத்த வரிகளின் மதிப்பு மெல்லச் சரிந்தது. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் ஃபயர்வாலை இயல்பாகவே இயக்கி வைத்தது. வீட்டு ரூட்டர்களும் வாயிலை மூடின. மூடிய வாயிலைத் தட்டுவது மட்டும் நிற்கவில்லை, அது தொழிலானது. 2009-இல் ஷோடான், இணையத்தில் திறந்திருக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியலிடத் தொடங்கியது. 2013-இல் மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப், ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்தது. ஐபிடேபிள்ஸ் வரியில் ஐடி என்றொரு எண் இருக்கிறதல்லவா, யாரும் கண்டுகொள்ளாதது, அதில் இசட்மேப் நீண்ட காலம் 54321 என்று எழுதி வந்தது. அந்த எண்ணைப் பார்த்தால் ஆய்வகமோ வணிக நிறுவனமோ திருடனோ, கையில் இருப்பது இந்தக் கருவி என்று சொல்லிவிடலாம். 2016-இல் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்த மிராய் என்ற தீநிரல் தன் பங்குக்கு ஒரு தடம் விட்டது: அது அனுப்பும் சின் பாக்கெட்டின் வரிசை எண், சேரும் முகவரியின் எண்ணாகவே இருக்கும். 23-ஆம் போர்ட், சில சமயம் 2323, வரிசை எண்ணில் உங்கள் முகவரி. அடையாளம் காண வேறெதுவும் வேண்டாம்.

ஆனால் அடையாளம் கண்டு என்ன செய்வது? அன்று தெரியாத முகவரி தட்டினால் அந்தப் பக்கத்து நிர்வாகிக்குக் கடிதம் எழுதும் வழக்கம் இருந்தது. சிலர் பதிலும் போட்டார்கள். இன்று பொது முகவரியில் ஒரு சர்வரைப் புதிதாக ஏற்றினால் நீங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் தட்டல் தொடங்கிவிடும். இந்தத் தட்டல்களில் எது பொதுவான இரைச்சல், எது உங்களை மட்டும் குறி வைத்தது என்று பிரித்துச் சொல்வதற்கென்றே நிறுவனங்கள் நடக்கின்றன. வெளியிலிருந்து வந்து தடுக்கப்பட்ட ஒரு தனி வரி இன்று ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. மாதாந்திர அறிக்கையில் இத்தனை லட்சம் தாக்குதல்களை முறியடித்தோம் என்று வண்ணப் படம் போட்டு நிர்வாகத்துக்குக் காட்டுகிறார்களே, அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அது வானிலைக் கணக்குகூட இல்லை.

வரியின் உடலும் இதற்குள் மாறிவிட்டது. பழைய ஐபிடேபிள்ஸ் வரி ஒரு பாக்கெட்டைப் பற்றியது. இன்றைய வரி பெரும்பாலும் ஓர் இணைப்பு முழுவதையும் பற்றியது: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது, எப்படி முடிந்தது. சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வால் இதை முன்பே செய்தது. அதன் செய்தி எண்கள் அப்படியே 2005-இல் வந்த ஏஎஸ்ஏவுக்குப் போயின. 106023 என்றால் விதிப்படி தடுத்தது. 302013 இணைப்பு தொடங்கியது, 302014 முடிந்தது. இந்த எண்களைக் கனவில் கேட்டாலும் சொல்லும் ஒரு தலைமுறை சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. 2007-இல் முதல் கருவியை வெளியிட்ட பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ், போர்ட்டை நம்பாமல் உள்ளே ஓடும் செயலியின் பெயரையும் பயனரின் பெயரையும் வரியில் எழுதியது. அமேசான் தன் மேகக் கணினிகளுக்கு 2015-இல் தந்த விபிசி ஃப்ளோ லாக் வரியில் டிசிபி என்ற சொல்கூட இல்லை, 6 என்ற எண்தான். கடைசிக்கு முந்தைய இடத்தில் ஏற்றது அல்லது மறுத்தது என்று ஒரு சொல்.

முடிந்த விதம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஏனென்றால் ஃபயர்வால் லாக்கின் அன்றாடப் பயன் திருடனைப் பிடிப்பது அல்ல, அலுவலகத்துக்குள் நடக்கும் வழக்கைத் தீர்ப்பது. செயலி எழுதும் பிரிவிலிருந்து ஒரு தம்பி வருவான்.

“அண்ணா, எங்க சர்வர் கனெக்ட் ஆகல. உங்க ஃபயர்வால்லதான் பிளாக் ஆகுது, கொஞ்சம் பாருங்களேன்.”

302014 வரியை எடுத்தால், நீடித்தது 30 வினாடி, பைட் 0, முடிந்த காரணம் சின் டைம்அவுட் என்றிருக்கும்.

“பிளாக் ஆகலப்பா. நாங்க விட்டுட்டோம். அந்தப் பக்கம்தான் பதிலே வரல. சர்வர்ல சர்வீஸ் ஓடுதா, திரும்பி வர்ற ரூட் சரியா இருக்கான்னு பாரு.”

காரணம் ரீசெட்-ஐ என்றிருந்தால் உள்பக்கத்துக் கணினியே இணைப்பை முறித்தது. ரீசெட்-ஓ என்றால் வெளிப்பக்கம். ஃபின் என்றால் இருவரும் முறையாக விடைபெற்றார்கள், சண்டை வேறெங்கோ. இணைப்பே இல்லை என்று சொல்லித் தடுக்கும் 106015 வரி வந்தால் போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று என்று சந்தேகிக்க வேண்டும்: தொடக்கத்தைப் பார்க்காத ஃபயர்வாலிடம் நடுப்பகுதி வந்து நிற்கிறது. அமேசானில் ஒரே உரையாடலுக்கு ஓர் ஏற்ற வரியும் ஒரு மறுத்த வரியும் வந்தால் அதுவும் இதன் சித்தப்பா மகன்தான். நினைவு வைத்திருக்கும் செக்யூரிட்டி குரூப் உள்ளே விட்டது, நினைவு வைக்காத நெட்வொர்க் ஏசிஎல் பதிலைத் தடுத்தது. இந்த நாலைந்து முடிவுகளைத் தெளிவாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு இரவுகளை மிச்சப்படுத்துகிறார் என்பதை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

இவற்றில் பெரும்பாலானவை அனுமதித்த வரிகள் என்பதைக் கவனியுங்கள். இன்றைய திருடன் வாயிலை உடைப்பதில்லை. உள்ளே இருப்பவர் ஓர் இணைப்பைச் சொடுக்குகிறார், அவர் கணினியிலிருந்து வெளியே 443-ஆம் போர்ட்டுக்கு ஓர் இணைப்பு போகிறது, ஃபயர்வால் அதை மனமார அனுமதிக்கிறது. தடம் அங்கேதான் இருக்கிறது. உலாவியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் பெறுவது அதிகம், அனுப்புவது குறைவு. கணக்குப் பிரிவின் கணினி நள்ளிரவில் ஒரே முகவரிக்குப் பெற்றதைவிடப் பல மடங்கு அனுப்பியிருந்தால் அந்த வரியை நிறுத்தி விசாரிக்க வேண்டும். மனிதர் சொடுக்கும் இடைவெளி ஒழுங்கற்றது. நிமிடத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய அதே பைட் அளவில், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஓர் இணைப்பு போகிறது என்றால் அது ஒரு நிரல். நல்ல நிரலா கெட்ட நிரலா என்பது அடுத்த கேள்வி. தனி வரியில் குற்றம் தெரியாது, வரிகளுக்கு இடையிலான தாளத்தில்தான் தெரியும்.

அனுமதித்த வரியில் தெரிவதும் இப்போது சுருங்கி வருகிறது. கிட்டத்தட்ட எல்லாமே மறைகுறியாக்கத்துக்குள் போய்விட்டது. 2018-இல் டிஎன்எஸ் கேள்விகளும் எச்டிடிபிஎஸ்ஸுக்குள் புகுந்துகொள்ள வழி வந்தது. 2021-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட க்விக் நெறிமுறை, 443-ஆம் போர்ட்டில் யுடிபியாக ஓடுகிறது. சின், ஃபின் கொடிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் பிடிமானமே இல்லை. மூல முகவரியும் ஒரு மனிதரைக் குறிப்பதில்லை. கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஏராளமானவர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. முகவரியோடு புறப்பட்ட போர்ட்டும் துல்லியமான நேரமும் இருந்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும். புறப்பட்ட போர்ட்டைப் பதிய வேண்டும் என்று 2011-லேயே இணையத் தர அமைப்பு பரிந்துரைத்தது. லாக்கின் அளவைக் குறைக்கிறேன் என்று முதலில் அந்த எண்ணைத்தான் பலர் வெட்டுகிறார்கள்.

நேரம் என்றதும் சட்டமும் வருகிறது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி நிறுவனங்கள் 180 நாள் லாக்கை இந்தியாவுக்குள் பாதுகாக்க வேண்டும், கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும், சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நல்ல ஆணை. ஆனால் ஒரு கருவி உலகப் பொது நேரத்திலும் மற்றொன்று இந்திய நேரத்திலும் எழுதினால் நடுவில் ஐந்தரை மணி நேரம் நிற்கும், அந்த 6 மணியில் பெரும்பகுதி இதைக் கண்டுபிடிக்கவே போய்விடும். 2009-இல் வந்த புதிய சிஸ்லாக் தரத்தில் ஆண்டும் நேர மண்டலமும் இடம்பெற்றுவிட்டன. பழைய வடிவில் எழுதும் கருவிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன.

படிப்பவரும் மாறிவிட்டார். அன்று ஃபயர்வாலை அமைத்தவரே லாக்கையும் படித்தார். இன்று சென்னையின் ஒரு மாடியில் இரவுப் பணியில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண், தான் பார்த்தேயிராத ஓர் அமெரிக்க நிறுவனத்தின் எச்சரிக்கைகளைப் பார்க்கிறாள். அவளுக்கு முன்னால் வரி இல்லை, வரிகளைக் கூட்டிச் செய்த எச்சரிக்கை இருக்கிறது. கூட்டும் மென்பொருள்களும் இங்கேயே உருவாகின்றன. நம் ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு ஃபயர்வால் லாக் அலசுவதற்கென்றே ஒரு மென்பொருளை நெடுநாளாக விற்கிறது. அவளுடைய வேலை எளிதல்ல. 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி அட்டைகளின் விவரம் திருடப்பட்டபோது, தீநிரல் கண்டறியும் கருவியின் எச்சரிக்கையைப் பெங்களூரில் இருந்த குழு கவனித்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொல்லியிருந்தது, அங்கே யாரும் நகரவில்லை என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. பார்த்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்தவர் பார்க்கவில்லை. பழைய பென்டியம் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் இவை இரண்டும் சேர்ந்திருந்தன.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் வரியைக் கொடுத்து விளக்கம் கேட்கலாம். டிடிஎல் என்ன, கொடி என்ன என்றெல்லாம் அது நன்றாகவே சொல்கிறது, வரவேற்கிறேன். ஆனால் 192.168.10.14 என்பது வராந்தாவில் மாட்டியிருக்கும் வருகைப் பதிவு இயந்திரம், அது வெளியே பேச வேண்டிய காரணமே இல்லை என்பது அந்த அலுவலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் பட்டியல் எழுதி வைக்கவில்லை என்றால் எந்தக் கருவிக்கும் தெரியாது.

இதில் ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல் என்னை மிகவும் உறுத்துகிறது. ஏஎஸ்ஏ போன்ற கருவிகளில் தடுத்த வரி 4-ஆம் நிலை, எச்சரிக்கை. தொடங்கிய, முடிந்த வரிகள் 6-ஆம் நிலை, வெறும் தகவல். வட்டில் இடம் போதவில்லை, லாக் மென்பொருளுக்கு அளவுக்கேற்ற கட்டணம் என்று நிலையை 4-க்கு இறக்கும் நாளில் 302013, 302014 இரண்டும் ஓசையின்றி நின்றுவிடும். 180 நாளும் கோப்பு பத்திரமாக இருக்கும், தணிக்கையிலும் தேர்ச்சி பெறும். உள்ளே இருப்பது பெரும்பாலும் உலகத்து இரைச்சல். திருட்டுப் போன இரவில் எந்தக் கணினி எந்த முகவரிக்கு எத்தனை பைட் அனுப்பியது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு வரியும் இருக்காது.

அதனால் என்னிடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் தாக்குதல் வரிகளைக் காட்டுவதில்லை. முதல் நாள் காலை, அவரவர் மடிக்கணினி வெளியே அனுப்பி, ஃபயர்வால் அனுமதித்த அரை மணி நேர வரிகளை எந்த மென்பொருளும் கூட்டாமல் அப்படியே அச்சிட்டுக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது என்ன, எந்த நிரல் அனுப்பியது, ஏன் என்று பேனாவால் எழுத வேண்டும். 123-ஆம் போர்ட் கடிகாரம் திருத்துவது, எழுதிவிடுவார்கள். இணையம் இருக்கிறதா என்று இயக்க முறைமை தானாகக் கேட்டுப் பார்ப்பது, கொஞ்சம் தேடி எழுதுவார்கள். யுடிபி 443 வந்ததும் ஒரு கேள்வி வரும், அதைப் பேசுவோம். மதியத்துக்குள் முக்கால்வாசி முடிந்துவிடும். யாருடையது என்று தெரியாத இரண்டு மூன்று வரிகள் எப்போதும் மிஞ்சும். அவற்றை வட்டமிட்டு வைத்துக்கொண்டு, அடுத்த நாள் காலை அங்கிருந்து தொடங்குகிறோம்.